கார்பன் நானோகுழாயில் நூல் இழுப்பது எப்படி? மில் கணக்கோடு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் போனால் கீழடி. அங்கே கிடைத்த பானை ஓடுகளின் உள்பக்கக் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள், அதாவது கார்பன் அணுத் தாள் சுருண்டு ஆன மிக மெல்லிய குழாய்கள், இருப்பதாக 2020-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நூல் நூற்கும் தக்களிகளும் அதே மண்ணில்தான் கிடைத்தன. இரண்டையும் முடிச்சுப் போட்டு, நானோ நூலை நாம்தான் முதலில் நூற்றோம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். அந்தக் குயவருக்குப் பானையில் குழாய் இருந்ததே தெரியாது. ஆனாலும் குழாயும் தக்களியும் ஒரே ஊரில் அகப்பட்டதை நினைத்தால் எனக்கு ஒரு குஷி. இந்த வேலையே அந்த இரண்டையும் சேர்ப்பதுதானே.

அப்பா மதுரை மில் ஒன்றில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் பகுதியில் முப்பது வருஷம் நின்றவர். நான் ஆய்வுக்கூடப் பக்கம் போய்விட்டேன். நானோகுழாய் இழை ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தை முதல்முறை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பஞ்சு நீளம் பத்தாதுப்பா. கார்டிங்கும் சரியில்ல" என்றார். கார்டிங் என்றால் பஞ்சைச் சீவிப் பிரித்து நேராக்குவது. மூன்று மாதம் அல்லாடி நான் கண்டுபிடித்ததும் அதையேதான். குழாய் நீளமாக இருக்கணும், சுத்தமாக இருக்கணும், ஒரே திசையில் படிந்திருக்கணும். வேதியியல் எல்லாம் இந்த மூன்றுக்கும் ஏவல் செய்கிற வேலைதான். கீழே வரும் படிகள் முதுநிலை மாணவர்களையும் பொறியியல் ப்ராஜெக்ட் செய்பவர்களையும் மனதில் வைத்து எழுதியவை.

எதைத் துரத்துகிறோம்

ஒற்றை நானோகுழாயின் இழுவலிமை பத்துக் கணக்கான கிகாபாஸ்கல். விறைப்பு எஃகைப்போல ஐந்து மடங்கு. மின்சாரம் உள்ளே ஏறக்குறையத் தடையின்றி ஓடும். 1991-இல் ஜப்பானின் இய்ஜிமா பலசுவர்க் குழாய்களை (ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள்) எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியதிலிருந்து எல்லாரும் இந்த எண்களைச் சொல்லித்தான் ஆசை காட்டுகிறார்கள். ஆனால் கையில் பிடிக்கிற இழை ஒற்றைக் குழாய் அல்ல. 40-ஆம் நம்பர் பருத்தி நூலைக் குறுக்கே வெட்டினால் ஏறக்குறைய நூறு பஞ்சு இழை தெரியும். 10 மைக்ரான் தடிமனுள்ள நானோகுழாய் இழையை வெட்டினால் ஒரு கோடிக்கு மேல் குழாய்கள் தெரியும். ஒரு குழாயும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடாது. இழுக்கும்போது குழாய் அறுவதில்லை, பக்கத்துக் குழாயின்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. மின்சாரமும் குழாய்க்குள் சுலபமாக ஓடிவிட்டு, அடுத்த குழாய்க்குத் தாவும் இடத்தில் திணறுகிறது. குழாய் எவ்வளவு நீளமோ, தாவல் அவ்வளவு குறைவு. நீண்ட இழைப் பஞ்சுக்கு மில்காரர் ஏன் கூடுதல் விலை கொடுக்கிறார் என்பது தெரிந்தவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதுவரை வந்திருக்கும் எண்களைப் பாருங்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் மத்தேயோ பாஸ்குவாலி குழு 2013-இல் காட்டிய இழைக்கு வலிமை 1 கிகாபாஸ்கலை ஒட்டி. மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 29 லட்சம் சீமன்ஸ், அயோடின் ஏற்றியபின் 50 லட்சம். அதே இடத்தில் 2021-இல் 4.2 கிகாபாஸ்கலும் 1.09 கோடி சீமன்ஸும் வந்தன. செம்புக்கு 5.8 கோடி. அடேயப்பா, இன்னும் ஐந்து மடங்கு தூரமா என்று தோன்றும். செம்பின் அடர்த்தி 8.96, இந்த இழை 2-க்கும் கீழே. எடைக்கு எடை பார்த்தால் செம்பைக் கிட்டத்தட்டத் தொட்டாயிற்று. அலுமினியத்தைத் தொடவில்லை. நானோகுழாய் செம்பை வென்றுவிட்டது என்று எங்காவது படித்தால், எடைக்கா தடிமனுக்கா என்று முதலில் கேளுங்கள்.

எந்த வழி

நாலு வழி இருக்கிறது. குழாய்களைச் சோப்புத் தண்ணீரில் கரைத்து, பிசின் கரைசலுக்குள் பீய்ச்சி இழையாக்குவது ஒன்று. 2000-இல் பிரான்சில் வந்த முறை இது. இரண்டாவது, கடும் அமிலத்தில் கரைத்து நூற்பது. மூன்றாவது, புல்தரைபோல நெட்டுக்குத்தாக வளர்ந்த குழாய்க் காட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்து முறுக்குவது. 2002-இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. முறுக்கு பலம் கொடுப்பது இதில்தான், அப்படியே நம்ம தக்களி. நாலாவது, 2004-இல் கேம்பிரிட்ஜ் காட்டிய உலை முறை: எத்தனால், ஃபெரோசீன், கொஞ்சம் தயோஃபீன், ஹைட்ரஜன் எல்லாம் ஆயிரம் டிகிரிக்கு மேல் உள்ள குழாய் உலையில் போக, மறுமுனையில் கரும்புகைபோல மிதந்து வரும் வலையைக் கம்பியால் தொட்டுச் சுற்றி எடுப்பது. பார்க்க மாயாஜாலம். ஆனால் ஹைட்ரஜனும் ஆயிரம் டிகிரியும் ஒரே இடத்தில் இருக்கும்.

கல்லூரியில் தொடங்குகிறவர்களுக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். இழை சுமாராகத்தான் வரும். ஆனால் கை பழகும், யாருக்கும் காயம் ஆகாது.

தொடங்கும் முன் ஒரு கண்டிப்பு

மில்லில் பஞ்சுத் தூசியால் வருகிற பிசினோசிஸ் பற்றி மதுரையில் சொல்லித்தர வேண்டியதில்லை. லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை அடைக்கும், அந்த நோய்தான். நானோகுழாய்ப் பொடி அதைவிட மோசமாக இருக்கலாம். நீளமான, விறைப்பான பலசுவர்க் குழாய்கள் எலிகளின் உடலில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற விளைவைக் காட்டியதாக 2008-இல் ஆய்வு வந்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 2013-இல் சொன்ன வரம்பு, கன மீட்டர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம். ஆகவே உலர்ந்த பொடியைத் திறந்த மேசையில் கொட்டவே கூடாது. ஆய்வுக்கூடப் புகைக்கூண்டுக்குள் (ஃப்யூம் ஹூட்) எடை போடுங்கள். நல்ல என்-95 மாஸ்க், கையுறை. சிந்தினால் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, அணைந்து நின்ற பிறகு டப்பாவைத் திறங்கள். சித்திரை வெயிலில் இது தண்டனைதான், தெரியும்.

முதல் படி: பஞ்சு வாங்குவது

கிலோக் கணக்கில் மலிவாக விற்கும் பலசுவர்ப் பொடி பெயின்ட்டிலும் பிளாஸ்டிக்கிலும் கலக்க ஆகும், நூற்க ஆகாது. ஒற்றைச் சுவர் அல்லது இரட்டைச் சுவர்க் குழாய் வாங்குங்கள். நீளத்தை விட்டத்தால் வகுத்த எண்ணைக் கேளுங்கள். பருத்தியில் 30 மில்லிமீட்டர் நீளம், 15 மைக்ரான் விட்டம் என்றால் அந்த எண் 2000. விட்டம் 2 நானோமீட்டர் உள்ள குழாயில் இதே எண் வர வேண்டுமானால் நீளம் 4 மைக்ரான் வேண்டும். இழையின் வலிமையும் கடத்துத்திறனும் இந்த விகிதத்தோடு கூடவே ஏறுகின்றன. லேபிளில் விட்டத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு நீளத்தைப் பற்றி மூச்சுவிடாத டப்பாவை நான் இப்போதெல்லாம் தொடுவதில்லை.

சுத்தத்துக்கு இரண்டு சோதனை. ஒன்று, காற்றில் எரித்து மிஞ்சும் சாம்பலை எடை பார்ப்பது. கார்பன் எல்லாம் போய்விடும், வளர்க்கப் பயன்பட்ட இரும்பு மட்டும் துருவாக நிற்கும். ஒருமுறை 95 சதவீதம் சுத்தம் என்று அச்சடித்த டப்பா ஒன்றை வாங்கினேன். எரித்தால் செக்கச்செவேல் என்று 18 சதவீதம் சாம்பல். துருவில் 70 சதவீதம் இரும்பு, அப்படியானால் பொடியில் இரும்பு மட்டும் 12.6 சதவீதம். விற்றவரைக் கேட்டேன். "அது கார்பனோட சுத்தம் சார், மொத்தத்தோட சுத்தம் இல்ல" என்றார். அந்தப் பதிலை இன்றுவரை ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது ராமன் நிறமாலை, அதாவது லேசரைப் பாய்ச்சிச் சிதறும் ஒளியைப் பார்ப்பது. அலைஎண் 1590-ஐ ஒட்டி வரும் ஜி முகடு ஒழுங்கான கார்பனைச் சொல்லும், 1350-ஐ ஒட்டிய டி முகடு குறைகளைச் சொல்லும். நல்ல ஒற்றைச் சுவர்க் குழாயில் ஜி-யை டி-யால் வகுத்தால் 50-க்கு மேல் எதிர்பார்க்கலாம். மலிவுப் பலசுவர்ப் பொடியில் 1-ஐச் சுற்றியே நிற்கும். கருவி உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலோ காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலோ கடிதத்தோடு போய்க் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: ப்ளோ ரூம் வேலை (மில்லில் பஞ்சைச் சுத்தம் செய்யும் இடம்)

ஒற்றைச் சுவர்ப் பொடியை 350 டிகிரி அளவில் காற்றில் மெதுவாகச் சூடாக்கினால், ஒழுங்கற்ற கரி முதலில் எரியும், இரும்புத் துணுக்குகளைச் சுற்றிய கார்பன் கூடும் உடையும். அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றாதீர்கள். அந்த இரும்பே எரிதலைத் தூண்டும், குழாயும் சேர்ந்து போய்விடும். அடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் இரும்பு கரைந்து கரைசல் மஞ்சளாகும். வடிகட்டி, மஞ்சள் மறையும்வரை, பிறகு அமிலத்தன்மை போகும்வரை காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள்.

கழுவியதைக் காயவிடாதீர்கள். ஒருமுறை கட்டியாகக் காய்ந்துவிட்டால் குழாய்கள் ஒன்றையொன்று விடவே விடாது. ஈரமாகவே மூடி வையுங்கள். சிறு துண்டை மட்டும் தனியே உலர்த்தி, ஈரத்தில் எத்தனை சதவீதம் கார்பன் என்று குறித்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: கரைப்பது

செய்முறைக் கணக்கு எளிது. 100 கிராம் தண்ணீருக்கு 0.35 கிராம் குழாய், 1 கிராம் சோடியம் டோடெசில் சல்ஃபேட். இது ஷாம்புவில் வருகிற சோப்புப் பொருள்தான், ஆனால் ஆய்வுக்கூடத் தரத்தில் வாங்குங்கள். சோப்பின் கொழுப்பு வால் குழாயைப் பிடிக்கும், உப்புத் தலை தண்ணீரைப் பார்த்து நிற்கும். ஒரே மின்னேற்றம் உள்ள தலைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் குழாய்கள் பிரிந்து மிதக்கும்.

இங்கே மதுரைக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. போர் தண்ணீர். அதில் உள்ள கால்சியம் இந்தச் சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும், குழாயெல்லாம் அடியில் உட்காரும். குளிக்கும்போது சோப்பு நுரைக்காத அதே கதை. காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும், கழுவும் பீக்கருக்குக்கூட.

அடுத்து சோனிகேட்டர், ஒலி அதிர்வால் கட்டிகளைக் கலைக்கும் கருவி. கம்பி முனை வைத்த கருவி என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள், பாத்திரம் சூடாகும். சூடாகிறதே என்று ஐஸில் வைத்தால் இன்னொரு வம்பு: இந்தச் சோப்பு 15 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தாலே படிகமாக வெளியே வந்துவிடும். என் மாணவி ஒருத்தி கரைசலில் ஊசி ஊசியாக ஏதோ மின்னுவதைப் பார்த்து நானோகுழாய் தெரிகிறது என்று ஓடிவந்தாள். சோப்புப் படிகம். குழாயைக் கண்ணால் பார்க்க முடியாதும்மா என்று சொன்னபோது முகம் வாடிவிட்டது. சாதாரணக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி போதும்.

எவ்வளவு நேரம்? இந்த மொத்த வேலையிலும் கைப்பக்குவம் தேவைப்படும் இடம் இதுதான். சோனிகேட்டர் குழாய்களைப் பிரிக்கிறது, கூடவே நறுக்கவும் செய்கிறது. கார்டிங் மெஷினை அதிகமாக இறுக்கினால் பஞ்சு உடையுமே, அதுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கட்டிகள் மறைந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே என்கிற ஆசைதான் இழையைக் கெடுக்கும். மிச்சம் உள்ள சிறு கட்டிகளை மையவிலக்கியில் போட்டு அடியில் இறக்கிவிட்டு, மேலே நிற்கும் மை போன்ற கரைசலை எடுங்கள்.

நாலாம் படி: நூற்பது

தொட்டிக்கு 5 சதவீதப் பாலிவினைல் ஆல்கஹால் கரைசல். தறிக்காரர்கள் பாவுக்குப் போடும் கஞ்சியில் சேர்ப்பதும் இந்தப் பிசினைத்தான், செல்லூர்ப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். நீண்ட சங்கிலி உள்ள ரகமாக வாங்குங்கள். குளிர்ந்த நீரில் தூவிக் கலக்கி, பிறகு 90 டிகிரிவரை ஏற்றுங்கள். நேராகக் கொதிநீரில் கொட்டினால் கேப்பைக் களி கிண்டத் தெரியாதவர் கிண்டியதுபோலக் கட்டி கட்டியாக நிற்கும்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. 5 மில்லி ஊசிக்குழல், அதைச் சீராகத் தள்ள ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார், உட்துளை அரை மில்லிமீட்டர் உள்ள ஊசி. ஊசியின் சாய்ந்த முனையைத் தட்டையாகத் தேய்த்துவிடுங்கள். தொட்டி சுழல வேண்டும். நாங்கள் பழைய ரிக்கார்ட் பிளேயர் ஒன்றின்மேல் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தோம். நிமிடத்துக்கு 33 சுற்று, மையத்திலிருந்து 4 சென்டிமீட்டரில் கரைசல் விநாடிக்கு ஏறக்குறைய 140 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். நிமிடத்துக்கு அரை மில்லி தள்ளினால் ஊசியிலிருந்து மை விநாடிக்கு 42 மில்லிமீட்டர் வேகத்தில் வரும். தொட்டி மூன்று மடங்குக்கு மேல் வேகம், அதனால் வருகிற மையை இழுத்துக்கொண்டே போகும். அந்த இழுப்பில்தான் குழாய்கள் ஒரே திசையில் படிகின்றன. டிரா ஃப்ரேமில் பின் உருளையைவிட முன் உருளை வேகமாகச் சுற்றுவது எதற்கோ, இதுவும் அதற்கே. ஊசியைச் சுழலும் திசையை நோக்கிச் சாய்த்து, முனை கரைசலுக்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள்.

பிசின் குழாய்மேல் ஏறிச் சோப்பை வெளியே தள்ளும். குழாய்கள் ஒட்டிக்கொண்டு கருப்பு நாடா உருவாகும். முதல் நாடாவைப் பார்த்ததும் இடுக்கியால் தூக்கத் தோன்றும். தூக்காதீர்கள், தயிர்போல அறுந்துவிடும். பத்து நிமிடம் விட்டு, கிண்ணத்துக் கரைசலை மெதுவாக நீரால் மாற்றுங்கள். சில மணி நேரம், இரண்டு மூன்று முறை நீரை மாற்றிக் கழுவினால் மிகுதிப் பிசினும் சோப்பும் போகும்.

அப்புறம் ஒரு முனையைப் பிடித்து நெட்டுக்குத்தாக மெல்ல மேலே இழுங்கள். ஈரம் காயும்போது நாடா தானாகவே சுருண்டு இறுகி, தலைமுடியைவிட மெல்லிய இழையாகும். கீழ் முனையில் ஒரு சிறு கிளிப்பைத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். இழுவிசை இல்லாமல் காய்ந்தால் சுருண்டு நெளிந்துவிடும். காய்ந்ததை மறுபடி நனைத்து, எடை கட்டித் தொங்கவிட்டு நீட்டினால் வரிசை இன்னும் சீராகும். எங்கள் முதல் இழை 40 சென்டிமீட்டர். ஃபேன் காற்றில் பறந்து ஜன்னல் கம்பியில் சுற்றிக்கொண்டது. இரண்டாவது இழையிலிருந்துதான் குறிப்பேடு ஆரம்பிக்கிறது.

ஐந்தாம் படி: அளப்பது

இதில்தான் பெரிய ஆய்வுக்கூடங்களும் தடுக்கி விழுகின்றன. இழை வட்டமாக இருக்காது, உள்ளே பொந்து இருக்கும். விட்டத்தை மைக்ரோஸ்கோப்பில் அளந்து பரப்பு கணக்கிட்டால் எண் எக்கச்சக்கமாக மாறும். மில்காரர் நூலின் விட்டத்தை என்றைக்காவது அளந்ததுண்டா? நீளத்தையும் எடையையும்தான் பார்ப்பார். அதையே செய்யுங்கள். ஒரு கிலோமீட்டர் இழையின் கிராம் எடை டெக்ஸ். துண்டு துண்டாக இருந்தாலும் சேர்த்து 10 மீட்டர் எடுங்கள். 10 மில்லிகிராம் வந்தால் 1 டெக்ஸ். மில்லின் கவுண்ட் கணக்கில் 590; நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. அப்பாவிடம் சொன்னபோது நம்பவில்லை. அவர் பார்த்த மிக மெல்லிய நூல் 120.

வலிமைக்குச் சின்னச் சோதனை: இழையின் கீழ் நுனியில் மெல்லிய கடதாசிப் பையை ஒட்டி, 5 ரூபாய் நாணயங்களைப் போடுங்கள். 2011-இல் வந்த வகை வட்ட நாணயம் 6 கிராம். 1 டெக்ஸ் இழையில் ஒரு நாணயம் என்பது டெக்ஸுக்கு 5.9 சென்டிநியூட்டன். சாதாரணப் பருத்தி நூல் 15-ஐத் தாண்டும். உங்கள் முதல் இழை இரண்டு நாணயத்தில் அறுந்துபோனால் அது மில் நூலைவிட மட்டம் என்று அர்த்தம். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் அப்படித்தான் தொடங்கியது. 2013-இன் அமில இழை என்றால் பத்து நாணயமாவது தாங்கும்.

மின்தடைக்கு மல்டிமீட்டரின் இரண்டு முனை போதாது, தொடும் இடத்தின் தடையும் சேர்ந்துவிடும். நாலு தொடுபுள்ளி வையுங்கள். வெளியே உள்ள இரண்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். உள் முனைகளுக்கு இடையே உள்ள நீளத்தின் வர்க்கத்தை, தடையாலும் அந்தத் துண்டின் எடையாலும் வகுத்தால் எடைக்கான கடத்துத்திறன் வந்துவிடும், விட்டமே வேண்டாம். உதாரணம்: 1 டெக்ஸ் இழையில் 5 சென்டிமீட்டருக்கு 50 ஓம். 0.05-இன் வர்க்கம் 0.0025. துண்டின் எடை 0.05 மில்லிகிராம். எடையைக் கிலோகிராமில் போட்டால் விடை 1000. இதே கணக்கில் செம்புக்கு 6500, அலுமினியத்துக்கு 14,000. பிசின் வழியில் செய்த இழையில் 50 ஓமுக்குப் பதில் பத்துக் கணக்கான கிலோ ஓம் காட்டும். காரணம் தெரிந்ததே: குழாய்களுக்கு நடுவே கஞ்சி நிற்கிறது. கஞ்சி பலம் தருகிறது, மின்சாரத்தை மறிக்கிறது.

ஆறாம் படி: அமில வழி, பார்த்துத் தெரிந்துகொள்ள

கஞ்சியே இல்லாமல் நூற்க வேண்டுமானால் குழாய்கள் தாமாகக் கரைய வேண்டும். குளோரோசல்ஃபோனிக் அமிலத்தில் அவை உண்மையாகவே கரைகின்றன என்று 2009-இல் ரைஸ் குழு நிறுவியது. அமிலம் ஒவ்வொரு குழாயின் சுவரிலும் புரோட்டானை ஏற்றுகிறது, குழாய்கள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிகின்றன. சோனிகேட்டர் தேவையில்லை, ஆகவே நறுக்கலும் இல்லை. கரைசல் செறிவானால் குழாய்கள் தாமாகவே வரிசைகட்டித் திரவப் படிகமாகின்றன. துருவ ஒளியில் பார்த்தால் பளபளவென்று திட்டுத் திட்டாகத் தெரியும். நூற்கும் முன்பே பாதி வரிசை வந்தாயிற்று. அதை நுண்துளை வழியே அசிட்டோனுக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ பீய்ச்சி, வருகிற வேகத்தைவிட வேகமாக உருளையில் சுற்றி, கழுவி, அடுப்பில் உலர்த்துகிறார்கள்.

அந்த அமிலம் தண்ணீரைத் தொட்டாலே வெடிப்பதுபோலச் சீறும். ஈரக் காற்றில் திறந்தாலே வெண்புகை வரும், அது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி. ஐப்பசி மழையில் இதைத் திறப்பதை நினைத்தாலே எனக்கு வேர்க்கும். உலர்ந்த வாயு நிரம்பிய பெட்டியும் பழகிய கையும் உள்ள ஆய்வுக்கூடத்தில், வழிகாட்டி பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய்ய வேண்டிய வேலை. ப்ராஜெக்டுக்காக யாரும் பாட்டிலை ஆர்டர் செய்ய வேண்டாம்.

ஏழாம் படி: ஏற்றுவதும் முறுக்குவதும்

கலந்து வளர்ந்த ஒற்றைச் சுவர்க் குழாய்களில் மூன்றில் ஒரு பங்குதான் உலோகம்போலக் கடத்தும். மற்ற இரண்டு பங்கு குறைகடத்தி. அயோடின் ஆவியில் வைத்தால் அது எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ள, குறைகடத்திக் குழாய்களும் வேலைக்கு வருகின்றன. அமில வழி இழையில் மிஞ்சிய அமிலமே இந்த வேலையைக் கொஞ்சம் செய்துவிடும். மாதாமாதம் தடையை அளந்து குறித்து வையுங்கள், ஏற்றியது மெல்ல இறங்கலாம்.

ஒற்றை இழை தையல் மெஷினுக்குத் தாங்காது. 2021-இல் ரைஸ் குழு சட்டையில் இதயத்துடிப்பு பார்க்கும் நூலைத் தைக்க, ஏழு இழை ஒரு கட்டு, மூன்று கட்டு ஒரு நூல் என்று முறுக்கியது. அதற்கு எடுத்தது பொம்மைக் கப்பலுக்குக் கயிறு திரிக்கும் சின்ன மெஷின். நம் ஊரில் கயிறு திரிக்கும் ராட்டையைப் பார்த்தவர்கள் இதைவிட நன்றாகவே செய்வார்கள்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம், ஆனால் எல்லாரையும் மாட்டிவிடுவது. இழையைச் சுற்றில் இணைக்கச் சால்டரிங் அயர்னை எடுக்காதீர்கள். ஈயம் கார்பனில் ஒட்டாது, குண்டு குண்டாக உருண்டு விழும். நாங்கள் ஒரு சாயங்காலம் முழுக்க ஃப்ளக்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கிடைக்கும் சின்னச் செம்புக் கிரிம்ப் முனையை நசுக்கிப் பிடிக்க வைத்து, மேலே ஒரு துளி வெள்ளிப் பசை தடவினால் ஐந்து நிமிட வேலை.